24 ஆயிரம் பேரும் ஒரு சின்ன டவுட்டும்: குரோத் ஹார்மோன் ஊசி பற்றி

போன வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தையில் எங்க தெருப் பையன் ஒருத்தன் என்னைப் பிடிச்சுக்கிட்டான். வயசு 26. ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, ஷிஃப்ட் முடிஞ்சா ஜிம். "அண்ணா, நீங்க இந்த ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் தேடிப் படிக்கிற ஆளுதானே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று போனை நீட்டினான்.

வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டு இருக்கிற ஒரு செய்தி. சாரம் இதுதான்: ஐரோப்பாவில் 8 நாடுகளில் குரோத் ஹார்மோன் ஊசி போட்டுக்கிட்ட சுமார் 24 ஆயிரம் பேரைப் பல வருஷம் கவனிச்சாங்க, கேன்சர் கூடவில்லை, அதனால் பாடி பில்டிங் பண்றவங்க பயப்படத் தேவையில்லை. கீழே ஒரு கிட்டின் விலையும் போன் நம்பரும்.

இப்படி வர்றதையெல்லாம் பெரும்பாலும் நான் கண்டுக்க மாட்டேன். ஆனால் பையன் அடுத்துச் சொன்னது வேற. "அப்பாவுக்குப் போன வருஷம் குடல்ல பாலிப் எடுத்தாங்க இல்லையா, அதான் ஒரு சின்ன டவுட்டு."

அந்தச் சின்ன டவுட்டுக்காகத்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை. பி.இ. முடிச்சுட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு முடிவு எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்று பார்ப்பதுதான் என் தினசரி வேலை. அதே கண்ணோடு அந்தச் செய்தியைப் படிச்சேன். அதுக்கு எதிர்ப்பக்கம் நின்று பயமுறுத்துகிறவர்கள் சொல்வதையும் படிச்சேன். இரண்டிலும் ஓட்டை இருக்கு. ஆனால் இரண்டு ஓட்டையும் ஒரே அளவு இல்லை.

செய்தி பொய் இல்லை, பாதி

முதல்ல ஒண்ணு சொல்லிடணும். அந்த ஆய்வு உண்மையானது. ஆந்தனி ஸ்வெர்ட்லோ என்ற பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2017-ல் வெளியிட்டது. மொத்தம் 23,984 பேர். எல்லோரும் சின்ன வயசில் மருத்துவத்துக்காகச் செயற்கைக் குரோத் ஹார்மோன் போட்டுக்கொண்டவர்கள். இந்த மருந்து பொதுவாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற கருத்தை எங்கள் முடிவுகள் ஆதரிக்கவில்லை என்றுதான் அவர்கள் எழுதியிருக்காங்க.

ஆனால் அந்த முடிவுரை அத்தோடு நிற்கவில்லை. முன்பே கேன்சர் வந்து குணமானவர்களில், தினசரி டோஸ் கூடக் கூட கேன்சரால் இறக்கும் அபாயமும் கூடியிருக்கு. இதுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்று அவர்களே சொல்றாங்க. எலும்பு, சிறுநீர்ப்பை, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா ஆகிய மூன்றிலும் சந்தேகத்துக்குரிய அறிகுறி இருக்கு, மேலும் ஆராயணும் என்றும் எழுதியிருக்காங்க. வாட்ஸ்அப் செய்தியில் இந்தப் பகுதி காணோம். கத்தரிக்கோல் எங்கே விழுந்திருக்கு பாருங்க.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த 24 ஆயிரம் பேர் யார் என்பது. ஹார்மோன் குறைபாடோ வேறு வளர்ச்சிக் கோளாறோ இருந்த குழந்தைகள். டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்த டோஸ், இடையிடையே ரத்தப் பரிசோதனை. நம்ம ஜிம் பையனுக்கு எந்தக் குறையும் இல்லை. காலி டேங்கில் தண்ணி ஊத்துறது ஒண்ணு, நிரம்பின டேங்கில் ஊத்துறது இன்னொண்ணு.

அளவையும் பார்க்கலாம். குரோத் ஹார்மோன் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாகத் தினம் 0.2, 0.3 மில்லிகிராமில் ஆரம்பிப்பாங்க. ஒரு மில்லிகிராம் என்பது 3 யூனிட். அதாவது ஆரம்ப டோஸ் ஒரு யூனிட்டோ அதுக்கும் குறைவோ. ஜிம் பேச்சில் அடிபடுறது 4, 6, 8 யூனிட். "குழந்தைகளுக்கு எடைக்கு எடை பார்த்தா கிட்டத்தட்ட இதே அளவுதானே கொடுக்குறாங்க" என்று ஒரு பதில் வரும். கணக்கு சரிதான். ஆனால் வளரும் வயசில் உடம்பே அந்த ஹார்மோனை அதிகம் சுரக்கும், அதுக்கு ஏற்ற வேலையும் உடம்பில் நடக்கும். 26 வயசில் எலும்பு வளர்ந்து முடிஞ்சாச்சு. அங்கே அந்த அளவு என்பது நிரப்புதல் இல்லை, வழிய விடுதல்.

மூன்றாவது, காலம். அந்த ஆய்வில் புதுசாக கேன்சர் வருதா என்று கவனித்த காலம் சராசரியாக 15 வருஷத்துக்குப் பக்கம். குழந்தையாகச் சேர்ந்தவர்கள் அதன் முடிவில் பெரும்பாலும் இளைஞர்கள். பெருங்குடல் கேன்சர் பெரும்பாலும் 50-க்கு மேல் வருகிற நோய். அது வருகிற வயசுக்கு அவர்களில் பலர் இன்னும் போகவே இல்லை.

எங்க தொழிலில் இதுக்கு ஒரு பழமொழியே இருக்கு: என் மெஷினில் ஓடுதே. நூறு பேர் உள்ளே வந்தபோது சர்வர் தாங்குச்சு என்பதால் ஆயிரம் பேருக்கும் தாங்கும் என்று எவனாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவனை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. அந்த வாட்ஸ்அப் செய்தி போட்டது அதே கையெழுத்து.

இந்த ஹார்மோன் என்ன செய்யுது

மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கு. 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதத்தை அது விட்டு விட்டுச் சுரக்கும், தூக்கத்தில் அதிகமாக. அதுதான் குரோத் ஹார்மோன். அது கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளை உண்டாக்கச் சொல்லும். உடம்பில் நடக்கிற வளர்ச்சி வேலையில் பெரும்பங்கு ஐ.ஜி.எஃப்-1 மூலமாகத்தான்.

ஐ.ஜி.எஃப்-1 செல்லுக்கு இரண்டு உத்தரவு கொடுக்கும். ஒன்று, பெருகு. இரண்டு, சாகாதே. இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. கெட்டுப்போன செல் தன்னைத்தானே அழிச்சுக்கிறதுக்கு உடம்பில் ஒரு ஏற்பாடு உண்டு. கேன்சரிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிற முக்கியமான காவல்களில் அது ஒன்று. ஐ.ஜி.எஃப்-1 அந்தக் காவலைத் தளர்த்தும். அதோடு, இந்த உத்தரவு தசைக்கு மட்டும் போகாது. குடலின் உள்வரி, புரோஸ்டேட், மார்பகம், தைராய்டு எல்லாத்துக்கும் ஒரே ரத்தம்தான்.

அதனால் ஊசி போட்டவுடன் நல்ல செல் கேன்சர் செல்லாக மாறிடும் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே தடம் புரண்ட ஒரு செல் எங்கேயாவது இருந்தால், அதுக்கும் சேர்த்துத் தீனி போடுறோம் என்றுதான் அர்த்தம். மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே, கேன்சர் இருக்கிறவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று இருக்கு. 26 வயசு ஆளுக்குள்ளே அப்படி ஒரு செல் இருக்கா இல்லையா என்று ஜிம் பயிற்சியாளர் எதை வெச்சுச் சொல்வார்?

பயமுறுத்துறவங்க பக்கத்து ஓட்டை

எதிர்ப்பக்கம் அதிகம் அடிபடுகிற பெயர் லைல் அல்சாடோ. அமெரிக்கக் கால்பந்து வீரர். 1991-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில், பல வருஷம் ஸ்டீராய்டும் குரோத் ஹார்மோனும் எடுத்ததை ஒத்துக்கிட்டு, தன் மூளைக் கட்டிக்கு அதுதான் காரணம் என்று சொன்னார். 1992 மே மாதம் 43 வயசில் இறந்தார். மனசைப் பிசையுற கதைதான். ஆனால் அவருக்கு வந்த மூளை லிம்ஃபோமாவுக்கும் அந்த மருந்துகளுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. ஒரு மனிதரின் வருத்தத்தை ஆய்வு முடிவாக எடுத்துக்க முடியாது.

அடுத்தது, "குடல் கேன்சர் 10 மடங்கு" என்ற எண். இதுவும் கற்பனை இல்லை. இதை 2002-ல் எழுதியதும் அதே ஸ்வெர்ட்லோ குழுதான். 1959 முதல் 1985 வரை பிரிட்டனில் ஹார்மோன் சிகிச்சை எடுத்த 1,848 பேரைப் பார்த்தாங்க. பெருங்குடல் கேன்சர் மரணம் எதிர்பார்த்ததைவிட 10 மடங்குக்கு மேல். ஆனால் இறந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு. அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒருத்தர் கூடினாலும் குறைந்தாலும் மடங்கு தலைகீழாகிடும். ஒரே ஆய்வாளரின் இரண்டு கட்டுரைகள். விற்கிறவங்க ஒண்ணை எடுத்துக்கிட்டாங்க, மிரட்டுறவங்க இன்னொண்ணை எடுத்துக்கிட்டாங்க. இரண்டு பக்கமும் முழுசாகப் படிக்கவில்லை.

மூன்றாவது, புரோஸ்டேட் கேன்சர் 4 மடங்கு. 1998-ல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை. ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரைவிட 4.3 மடங்கு அபாயம் என்றது. நோய் வந்தவர்கள் அதில் 152 பேர். பிறகு 2016-ல், 17 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வெச்சுப் பார்த்தபோது அது 1.29 மடங்காகச் சுருங்கிடுச்சு. மார்பகப் புற்றுக்கு 2010-ல் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில் 1.28.

ஆக, பயமுறுத்துறவங்க எண்ணைப் பெரிசாக்கிட்டாங்க. ஆனால் எண் சுருங்குச்சே தவிர, மறையவில்லை. இதை அழுத்திச் சொல்லணும். அந்த 1.29 என்பது ஊசியே போடாத சாதாரண மனிதர்களுக்குள் இருக்கிற இயற்கையான ஏற்றத்தாழ்வுக்கு. அந்த எல்லையைத் தாண்டி, ஊசியால் வருஷக்கணக்கில் மேலே தூக்கி நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

இயற்கை செய்து வைத்த இரண்டு பரிசோதனைகள்

பாடி பில்டர்களுக்கு ஊசி போட்டு 20 வருஷம் கேன்சர் வருதா என்று பார்க்கிற பரிசோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. அதனால் "பாடி பில்டர்களிடம் நிரூபிக்கப்படவில்லை" என்ற வாக்கியம் எப்பவும் உண்மையாகவே இருக்கும். விற்கிறவருக்கு அதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. ஆனால் இயற்கையே இரண்டு பக்கமும் பரிசோதனை பண்ணி வெச்சிருக்கு.

ஒரு பக்கம் அக்ரோமெகலி. பிட்யூட்டரியில் கட்டி வந்து, ஹார்மோன் வருஷக்கணக்கில் அளவுக்கு மீறிச் சுரக்கிற நோய். கை கால் பெருக்கும், தாடை நீளும். பிரிட்டனில் 1,362 நோயாளிகளை வெச்சு 1998-ல் வந்த ஆய்வில், மொத்த கேன்சர் கூடவில்லை, பொது மக்களைவிடக் கொஞ்சம் குறைவாகக்கூட இருந்தது. ஆனால் பெருங்குடல் கேன்சர் மரணம் கூடுதல். சிகிச்சைக்குப் பிறகும் ஹார்மோன் அளவு குறையாதவர்களுக்கு அபாயம் அதிகம். பிரிட்டிஷ் வழிகாட்டுதல்கள் இந்த நோயாளிகளுக்கு 40 வயசிலிருந்தே கொலனோஸ்கோபி பார்க்கச் சொல்லுது. பையனுடைய சின்ன டவுட்டு சரியான இடத்தில்தான் கை வெச்சிருக்கு.

இன்னொரு பக்கம் ஈக்வடார் நாட்டின் தெற்கு மலைக் கிராமங்கள். அங்கே லாரான் குறைபாடு உள்ள குடும்பங்கள் இருக்கு. ஹார்மோன் சுரக்கும், ஆனால் அதை வாங்குகிற ஏற்பி வேலை செய்யாது. ஐ.ஜி.எஃப்-1 மிகக் குறைவு. ஆட்கள் குள்ளமாக இருப்பாங்க. 99 பேரை 22 வருஷம் கவனித்து 2011-ல் எழுதினாங்க. ஒரே ஒருத்தருக்குத்தான் கேன்சர், அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. அதே ஊரில் குறைபாடு இல்லாத உறவினர்களில் 17 சதவீதம் பேருக்கு கேன்சர்.

இதை மட்டும் வெச்சு, ஏத்தினால் நிச்சயம் கூடும் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் மிகக் குறைந்தபோது கேன்சர் குறையுது, மிகக் கூடினபோது குடலில் தொந்தரவு கூடுது, நடுவில் உள்ள சாதாரண மனிதர்களிலும் மெல்ல மேலே போகுது. மூணும் ஒரே திசையைக் காட்டுது. வேகம் தெரியாத வண்டிதான், ஆனால் அது எந்தப் பக்கம் போகுது என்று தெரியுது.

1985-க்கு முன்னாடி

"இத்தனை வருஷமா போடுறாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிறவர்களுக்காக இது. செயற்கைக் குரோத் ஹார்மோன் 1985-ல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுக்கு முன்னாடி அந்த ஹார்மோன் வந்தது இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து. 1958-ல் மாரிஸ் ராபென் என்ற டாக்டர் வளர்ச்சி நின்ற ஒருவருக்கு இதைக் கொடுத்துப் பலன் கண்டார். அமெரிக்காவில் 1963-லிருந்து அரசுத் திட்டமாகவே ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுத்தாங்க. பிள்ளைகள் வளர்ந்தாங்க, எல்லோருக்கும் சந்தோஷம்.

1985-ல் அந்தப் பிள்ளைகளில் சிலர் இளம் வயசிலேயே க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற மூளை அழுகும் நோயில் இறந்தது தெரியவந்தது. சில பிணங்களிலிருந்து எடுத்த சுரப்பியோடு நோயும் வந்திருக்கு. பிரான்சில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தாங்க. அது கேன்சர் இல்லை, இன்றைய செயற்கை ஹார்மோனில் அந்த ஆபத்தும் இல்லை. நான் சொல்ல வர்றது வேற. 1984 வரைக்கும் "கெடுதலுக்கு ஆதாரமில்லை" என்ற வாக்கியம் நேர்மையானது, உண்மையானது. நோய் அப்போதே அந்த உடம்புகளுக்குள் இருந்தது.

சரி, லாபம் என்ன?

அபாயத்தை மட்டும் பேசினால் போதாது. எதுக்காக அந்த அபாயம் என்றும் பார்க்கணும். இந்த மோகத்துக்குப் பெரிய தூண்டுதல் 1990-ல் வந்த டேனியல் ரட்மனின் கட்டுரை. 61 முதல் 81 வயசு வரையான 12 ஆண்களுக்கு 6 மாதம் ஊசி. கொழுப்பில்லாத உடல் எடை 8.8 சதவீதம் கூடியது, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. அந்தப் 12 முதியவர்களின் பெயரால் உலகம் முழுக்க ஒரு வியாபாரமே நடந்தது. அதை வெளியிட்ட நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், தன் கட்டுரையை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டித்து 2003-ல் தலையங்கமே எழுத வேண்டியதாச்சு.

ஆரோக்கியமான இளைஞர்களுக்கு என்ன பலன்? 2008-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தாங்க. கொழுப்பில்லாத எடை சராசரியாக 2.1 கிலோ கூடுது. பலம் கூடவில்லை. 2010-ல் சிட்னியில் 96 விளையாட்டு ஆர்வலர்களை வெச்சு 8 வாரம் நடத்திய பரிசோதனையில் தினம் 2 மில்லிகிராம், அதாவது 6 யூனிட் கொடுத்தாங்க. நம்ம ஜிம் டோஸேதான். குறுகிய ஓட்டத்தின் வேகத்திறன் கொஞ்சம் கூடுச்சு, தசைப் பலம் கூடவில்லை. அந்த 2.1 கிலோவில் கணிசமான பங்கு உடம்பில் தேங்குகிற தண்ணி. கை கால் வீக்கம், மணிக்கட்டில் மரமரப்பு, சர்க்கரை ஏறுவது எல்லாம் கூடவே வரும்.

இதைப் பையனுக்கு விளக்க நான் எங்கேயும் போக வேண்டியதில்லை, நின்றுகொண்டிருந்ததே ஆட்டுச் சந்தையில். விவரம் தெரிந்த யாவாரி ஆட்டின் வயிற்றைப் பார்க்க மாட்டார். முதுகெலும்பையும் தொடையையும் தடவிப் பார்ப்பார். காலையில் தண்ணி காட்டி ஓட்டி வந்த ஆடு தராசில் கனக்கும், கையில் சிக்காது. "நீ காசு கொடுத்து உனக்கே தண்ணி காட்டிக்கப் போறியா?" என்று கேட்டேன். சிரிச்சான்.

உடனே, "அப்ப போட்டியில ஜெயிக்கிறவங்க உடம்பு எல்லாம் என்னண்ணா?" என்றான். நியாயமான கேள்வி. அவர்கள் இதைத் தனியாக எடுப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன், இன்சுலின் என்று சேர்த்துத்தான் எடுப்பாங்க. எதனால் எது வந்தது என்று பிரிக்கவே முடியாது. பலனுக்கு மட்டுமில்லை, கெடுதலுக்கும் இதே கதைதான். போட்டிக்குப் போகிறவர்களையாவது பரிசோதிக்க 2022-ன் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இருக்கு. ரோட்டோர ஜிம்மில் கண்ணாடிக்கு முன்னாடி நிற்கிற பையனை யாரும் பரிசோதிப்பதில்லை. அவனுக்கு நாளைக்கு ஏதாவது வந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. பிறகு அதே வாட்ஸ்அப்பில் "இதுவரை ஆதாரமில்லை" என்று செய்தி வரும்.

குப்பிக்குள் இருப்பது குரோத் ஹார்மோன்தானா என்பது தனிக் கேள்வி. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து, பார்சலில் வருது.

அவனுக்கு நான் சொன்னது

கேன்சர் வரும் என்று சொல்லவில்லை. சொன்னால் அது இன்னொரு வாட்ஸ்அப் செய்திதான். சொன்னது இதுதான்: "அபாயம் எவ்வளவுன்னு யாரும் அளக்கலை, ஆனா அது எந்தத் திசையில இருக்குன்னு தெரியுது. லாபம் எவ்வளவுன்னு அளந்துட்டாங்க, அது ரெண்டு கிலோ, அதுலயும் தண்ணி. இந்தப் பேரத்தை சந்தையில எவனும் ஒத்துக்க மாட்டான். உங்க வீட்டுக் கதை வேற இருக்கு. மத்தவனுக்குச் சந்தேகம்னா உனக்கு ரெண்டு மடங்கு யோசனை வேணும்."

"கம்மியா, ரெண்டு யூனிட் மட்டும் போட்டா?" என்றான்.

"கம்மியா போட்டா தண்ணியும் கம்மி. அப்புறம் எதுக்குப் போடணும்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாவுக்கு எடுத்த பாலிப் எந்த வகை என்று கேட்டேன், தெரியாது என்றான். அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு ஒரு குடல்நோய் டாக்டரைப் பார், உனக்கு எந்த வயசில் பரிசோதனை ஆரம்பிக்கணும் என்று அவர் சொல்வார், ஊசியைப் பற்றியும் அவர்கிட்டயே வெளிப்படையா கேள் என்றேன்.

ஊசி போட மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றுதான் சொன்னான். நேற்று ராத்திரி ஒரு மெசேஜ் வந்தது: "அண்ணா, ரிப்போர்ட் பீரோல இருந்துச்சு, எடுத்துட்டேன்." இப்போதைக்கு அது போதும்.